விற்கும்முன் வினவும் அவை

உரைநடை உலகம்

நுழையும்முன்

நெல்லையும் துணியையும் ஒரு நாடு மற்றொரு நாட்டுக்கு விற்கும்போது, பொருள் கைமாறியதும் வணிகம் நிறைவடைகிறது. படைக்கலன் விற்பனையின் விளைவுகளோ கைமாறிய பின்னரே தொடங்குகின்றன. விற்ற கருவி யாருக்கு எதிராகப் பயன்படும், எவர் கைக்குச் செல்லும், இன்றைய நண்பர் நாளையும் நண்பராக இருப்பாரா என்னும் வினாக்கள் விற்ற நாட்டைத் தொடர்ந்து வருகின்றன. அவ்வினாக்களை விற்பனைக்கு முன்பே எழுப்ப மக்களின் பேராளர்களுக்கு உரிமை வேண்டும் என்று அமெரிக்க ஐக்கிய நாடுகள் ஒரு சட்டம் இயற்றின. அச்சட்டம் பிறந்த சூழலையும் அது கண்ட வெற்றி தோல்விகளையும் இப்பாடம் விளக்குகிறது.

ஓர் அதிகாரம், இரு பொறுப்புகள்

அமெரிக்க நாடாளுமன்றம் காங்கிரஸ் என்று அழைக்கப்படுகிறது. 435 உறுப்பினர்களைக் கொண்ட பிரதிநிதிகள் அவையும் 100 உறுப்பினர்களைக் கொண்ட செனட் அவையும் சேர்ந்ததே காங்கிரஸ். 1787ஆம் ஆண்டில் வரையப்பட்ட அந்நாட்டு அரசமைப்பு, வெளிநாட்டு வணிகத்தை ஒழுங்குபடுத்தும் அதிகாரத்தைக் காங்கிரசிடம் ஒப்படைத்தது. படைகளின் தலைமையைக் குடியரசுத்தலைவரிடம் ஒப்படைத்தது. நட்புநாட்டுக்குப் படைக்கலன் விற்பது வணிகமாகவும் இருக்கிறது. வெளியுறவுச் செயலாகவும் இருக்கிறது. ஆகவே, அதில் இறுதிச்சொல் யாருடையது என்பது தொடக்கத்திலேயே தெளிவாக வரையறுக்கப்படவில்லை.

இரண்டாம் உலகப்போருக்குப்பின் பல ஆண்டுகள் இச்சிக்கல் பெரிதாக வெளிப்படவில்லை. அக்காலத்தில் அமெரிக்கா தன் நட்புநாடுகளுக்குப் படைக்கலன்களைப் பெரும்பாலும் உதவியாகவே வழங்கியது. உதவி வழங்கப் பணம் வேண்டும். பணம் ஒதுக்கக் காங்கிரசின் ஒப்புதல் வேண்டும். ஒவ்வோர் ஆண்டும் நிதிகேட்டு வந்த அரசை உறுப்பினர்கள் வினவினர். வேண்டிய கட்டுப்பாடுகளை விதித்தனர். உதவி குறைந்து விற்பனை பெருகியபோது நிலைமை மாறியது. வாங்கும் நாடே பணம் கொடுத்ததால், அரசு காங்கிரசிடம் நிதிகேட்டு வரவேண்டிய தேவை இல்லாமற்போயிற்று. நிதிகேட்கும்போது இயல்பாக எழுந்த வினாவும் அதனோடு நின்றுபோயிற்று.

எண்ணெய்ப் பணமும் ஈரானும்

1969ஆம் ஆண்டில் குடியரசுத்தலைவர் ரிச்சர்டு நிக்சன், நட்புநாடுகள் தத்தம் பாதுகாப்புக்குத் தாமே முதற்பொறுப்பு ஏற்கவேண்டும் என்னும் கொள்கையை அறிவித்தார். அமெரிக்கப் படைவீரர்களை அனுப்புவதற்கு மாறாகப் படைக்கலன்களை விற்பதற்கு இக்கொள்கை வழிவகுத்தது. 1972ஆம் ஆண்டு மே மாதத்தில் அவர் ஈரானின் தலைநகரான தெகரானுக்குச் சென்று, மன்னர் ஷா கேட்கும் மரபுவழிப் படைக்கலன்களை விற்க இசைந்தார். அடுத்த ஆண்டின் இறுதியில் உலகச் சந்தையில் கச்சா எண்ணெயின் விலை பன்மடங்கு உயர்ந்தது. எண்ணெய்வளம் மிக்க நாடுகளின் கருவூலம் நிரம்பியது. அவற்றின் படைக்கல வேண்டுகோள்களும் பெருகின. அமெரிக்கக் கடற்படையின் அந்நாளைய மிகப் புதிய போர்வானூர்தியான எஃப்-14இல் 80 வானூர்திகளை ஈரான் வாங்க ஒப்பந்தம் செய்தது.

இத்தகைய பெருவிற்பனைகள் பலவற்றைக் காங்கிரசின் உறுப்பினர்களே செய்தித்தாள்களின் வாயிலாக அறிய நேர்ந்தது. வியட்நாம் போரில் அரசு தங்களிடம் முழு உண்மையைக் கூறவில்லை என்னும் மனக்குறையும் அப்போது அவர்களிடம் ஆழமாக இருந்தது. தெரியாத ஒன்றை எவராலும் மேற்பார்வையிட இயலாது. எனவே, முதலில் பெறவேண்டியது அறியும் உரிமை என்பதை அவர்கள் உணர்ந்தனர்.

இருபது நாள் உரிமை

விஸ்கான்சின் மாநிலத்தைச் சேர்ந்த செனட் உறுப்பினர் கெய்லார்டு நெல்சனும், நியூயார்க்கைச் சேர்ந்த பிரதிநிதிகள் அவை உறுப்பினர் ஜோனதன் பிங்காமும் முன்னெடுத்த திருத்தம் 1974ஆம் ஆண்டு டிசம்பரில் சட்டமாயிற்று. 2.5 கோடி டாலர் அல்லது அதற்கு மேற்பட்ட மதிப்புடைய அரசுவழிப் படைக்கல விற்பனை ஒவ்வொன்றையும் முன்கூட்டியே காங்கிரசுக்கு அறிவிக்கவேண்டும் என்று அது விதித்தது. அறிவித்த நாளிலிருந்து 20 நாள்களுக்குள் இரண்டு அவைகளும் மறுப்புத் தீர்மானம் நிறைவேற்றினால் விற்பனை நின்றுவிடும். அத்தீர்மானத்துக்குக் குடியரசுத்தலைவரின் கையொப்பம் தேவையில்லை.

இத்திருத்தம் விற்பனையைத் தடைசெய்யவில்லை. ஒவ்வொரு விற்பனைக்கும் ஒப்புதல் வாக்கெடுப்பு வேண்டும் என்றும் கூறவில்லை. அவை வாளாவிருந்தால் விற்பனை நடந்தேறும். ஆயினும், 'நாங்கள் இதனை விற்கப்போகிறோம். காரணம் இது' என்று அரசு முன்கூட்டியே எழுத்தில் கூறவேண்டிய கட்டாயம் முதன்முறையாக ஏற்பட்டது.

இடம்பெயரா ஏவுகணைகள்

புதிய உரிமைக்கு அடுத்த ஆண்டே ஒரு சோதனை வந்தது. 1975ஆம் ஆண்டு ஜூலையில் குடியரசுத்தலைவர் ஜெரால்டு ஃபோர்டு, ஜோர்டான் நாட்டுக்கு ஹாக் எனப்படும் வான்காப்பு ஏவுகணைத் தொகுதிகள் 14 விற்கவிருப்பதாக அறிவித்தார். ஹாக் ஏவுகணையை ஊர்தியில் ஏற்றிப் படையோடு முன்னேற்றிச் செல்ல முடியும். தலைநகரைக் காக்க வாங்கப்படும் கருவி, படையெடுப்புக்குத் துணையாகும் கருவியாக மாறிவிடாதா என்று உறுப்பினர்கள் வினவினர். எதிர்ப்பு வலுத்ததால் அரசு அறிவிப்பைத் திரும்பப் பெற்றது.

பேச்சுவார்த்தையின் முடிவில் அவ்வேவுகணைகள் நிலையான தளங்களில் பொருத்தப்பட்டு, இடம்பெயர்க்க இயலாத தற்காப்புக் கருவிகளாகவே இருக்கும் என்று ஃபோர்டு எழுத்துவழி உறுதியளித்தார். ஜோர்டான் மன்னர் உசேன் தொடக்கத்தில் இந்நிபந்தனையால் மனம் வருந்தினாலும் பின்னர் இசைந்தார். விற்பனை நடந்தது, விற்கப்பட்டது எதற்குப் பயன்படும் என்பது மாறியது. மறுப்புத் தீர்மானம் எதுவும் நிறைவேறாமலேயே ஒரு வினா இம்மாற்றத்தை நிகழ்த்தியது. நாடாளுமன்ற மேற்பார்வை இயங்கும் முறையை விளங்கிக்கொள்ள இந்நிகழ்வு சிறந்த சான்றாகும்.

1976ஆம் ஆண்டுச் சட்டம்

1976ஆம் ஆண்டு ஜூன் 30 அன்று படைக்கல ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. நெல்சன்–பிங்காம் திருத்தத்தின் சாரம் இதில் இடம்பெற்றது. ஆய்வுக்காலம் 30 நாள்களாக நீட்டிக்கப்பட்டது. நேட்டோ கூட்டமைப்பு நாடுகள், ஜப்பான், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்கொரியா, இஸ்ரேல் ஆகியவற்றுக்கு இக்காலம் 15 நாள்கள் மட்டுமே. அறிவிப்புக்குரிய தொகை வரம்பு பின்னர்ப் பலமுறை உயர்த்தப்பட்டது. நெருங்கிய இந்நட்புநாடுகளுக்கு அவ்வரம்பும் கூடுதலாக உள்ளது.

இச்சட்டம் விற்பனையின் நோக்கத்தையும் வரையறுக்கிறது. தற்காப்பு, உள்நாட்டுப் பாதுகாப்பு, ஐக்கிய நாடுகள் அவையின் பட்டயத்துக்கு இணங்கிய கூட்டுப் பாதுகாப்பு முதலியவற்றுக்காகவே படைக்கலன் விற்கப்படவேண்டும். வாங்கிய நாடு அமெரிக்காவின் இசைவின்றி அதனைப் பிறிதொரு நாட்டுக்குக் கைமாற்றக் கூடாது.

தெரிந்து தெளிவோம்

ஒரு விற்பனையின் வழி

1. வாங்க விரும்பும் நாடு அமெரிக்க அரசுக்கு வேண்டுகோள் மடல் அனுப்புகிறது.
2. வெளியுறவுத் துறையும் பாதுகாப்புத் துறையும் அதனை ஆராய்கின்றன.
3. இரண்டு அவைகளின் வெளியுறவுக் குழுக்களுக்கும் முறைசாரா முன்தகவல் அளிக்கப்படுகிறது. குழுவின் தலைவரோ எதிர்க்கட்சி முதன்மை உறுப்பினரோ இந்நிலையில் வினா எழுப்பி, விடை பெறும்வரை நிறுத்திவைக்கக் கோரலாம். இது சட்டத்தில் எழுதப்படாத மரபு.
4. அதன்பின் முறையான அறிவிப்பு காங்கிரசுக்கு அனுப்பப்படுகிறது. 15 அல்லது 30 நாள் ஆய்வுக்காலம் தொடங்குகிறது.
5. மறுப்பு நிறைவேறாவிடில் இரு நாடுகளும் ஒப்பந்தத்தில் கையொப்பமிடுகின்றன.

நான்கு வாக்குகள்

சட்டத்தின் வலிமையை உலகறியச் செய்தது 1981ஆம் ஆண்டின் அவாக்ஸ் விவாதம். அவாக்ஸ் என்பது முதுகின்மீது சுழலும் பெரிய ரேடாரைத் தாங்கி, நெடுந்தொலைவில் வரும் வானூர்திகளைக் கண்டறியும் முன்னெச்சரிக்கை வானூர்தியாகும். இவற்றில் ஐந்தையும், போர்வானூர்திகளுக்கான கூடுதல் எரிபொருள் கலன்களையும் ஏவுகணைகளையும் சவூதி அரேபியாவுக்கு விற்கக் குடியரசுத்தலைவர் ரொனால்டு ரீகன் முன்வந்தார். மொத்த மதிப்பு ஏறத்தாழ 850 கோடி டாலர். எண்ணெய்வளப் பகுதியைக் காக்க இவை தேவை என்றது அரசு. இஸ்ரேலின் பாதுகாப்பு என்னாகும், நுட்பமான கருவி பகைவர் கைக்குச் சென்றால் என்செய்வது என்று வினவினர் உறுப்பினர்கள்.

அக்டோபர் 14 அன்று பிரதிநிதிகள் அவை 301–111 என்னும் வாக்குகளில் விற்பனையை மறுத்தது. விற்பனை நிற்க இரண்டு அவைகளின் மறுப்பும் தேவையாதலால், நாட்டின் கவனம் செனட்டின்பால் திரும்பியது. ரீகன் உறுப்பினர்களை ஒவ்வொருவராகச் சந்தித்தார். வானூர்திகளின் பயன்பாடு, பாதுகாப்பு, தகவல் பகிர்வு ஆகியவை குறித்து எழுத்துவழி உறுதிமொழிகள் வழங்கினார். அக்டோபர் 28 அன்று மறுப்புத் தீர்மானம் செனட்டில் 48–52 என்னும் வாக்குகளில் தோற்றது. நான்கு வாக்கு வேறுபாட்டில் அரசு வென்றது. ஆயினும், அவ்வெற்றிக்கு முன்னர் அது நாட்டின் முன்னிலையில் தன் காரணங்களை விளக்கவும் நிபந்தனைகளை ஏற்கவும் வேண்டியதாயிற்று.

துலாக்கோலை மாற்றிய வழக்கு

கென்யாவில் பிறந்த இந்திய வம்சாவளியினரான ஜக்தீஷ் ராய் சதா என்பவர் அமெரிக்காவில் கல்விபயிலச் சென்றவர். கல்விக்கான இசைவுக்காலம் முடிந்தபின்னும் அவர் அங்கேயே தங்க அந்நாட்டுக் குடிவரவுத் துறை ஒப்பியது. பிரதிநிதிகள் அவை தனியொரு தீர்மானத்தால் அவ்வொப்புதலை நீக்கியது. இவ்வழக்கு உச்சநீதிமன்றத்தை அடைந்தது. 1983ஆம் ஆண்டு ஜூன் 23 அன்று வழங்கப்பட்ட தீர்ப்பு, சட்டத்தின் ஆற்றலுடைய முடிவு எதுவாயினும் அது இரண்டு அவைகளிலும் நிறைவேறிக் குடியரசுத்தலைவரின் முன்வைக்கப்படவேண்டும் என்று கூறியது.

படைக்கலன்களோடு சிறிதும் தொடர்பற்ற இவ்வழக்கு, படைக்கல மேற்பார்வையின் அடித்தளத்தையே அசைத்தது. குடியரசுத்தலைவரின் கையொப்பமின்றி விற்பனையை நிறுத்தும் முறை இனிச் செல்லாது என்றாயிற்று. 1986ஆம் ஆண்டில் காங்கிரஸ் சட்டத்தைத் திருத்திக் கூட்டுத் தீர்மான முறையைக் கொண்டுவந்தது. கூட்டுத் தீர்மானத்தைக் குடியரசுத்தலைவர் தம் மறுப்பாணையால் தடுக்கலாம். மறுப்பாணையை மீற இரண்டு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு வாக்குகள் தேவை. முன்பு, பெரும்பான்மை உறுப்பினர்கள் எதிர்த்தால் விற்பனை நிற்கும். இப்போது, அனைவரும் வாக்களிக்கும் செனட்டில் 34 பேர் குடியரசுத்தலைவரின் பக்கம் நின்றால் விற்பனை நடக்கும்.

அவ்வாண்டிலேயே இவ்வேறுபாடு வெளிப்பட்டது. சவூதி அரேபியாவுக்கு 35.4 கோடி டாலர் மதிப்புள்ள ஏவுகணைகளை விற்கும் திட்டத்தைச் செனட் 73–22 என்றும் பிரதிநிதிகள் அவை 356–62 என்றும் மறுத்தன. ரீகன் மறுப்பாணை பிறப்பித்தார். அதேவேளையில், தோளில் வைத்து ஏவக்கூடிய ஸ்டிங்கர் ஏவுகணைகளை விற்பனைப் பட்டியலிலிருந்து நீக்கினார். அவை தீவிரவாதக் குழுக்களின் கைக்குச் செல்லக்கூடும் என்பதே உறுப்பினர்களின் பெருங்கவலையாக இருந்தது. ஜூன் 5 அன்று செனட்டில் மறுப்பாணையை மீறுவதற்கான வாக்குகள் 66, வேண்டியவை 67. ஒரு வாக்கினால் விற்பனை தப்பியது. ஆனால், ஸ்டிங்கர் ஏவுகணைகள் அவ்விற்பனையில் செல்லவில்லை.

நட்பு மாறும், கருவி மாறாது

இத்தனை வினாக்கள் எதற்கு என்று கேட்போருக்கு ஈரானின் வரலாறு விடையளிக்கிறது. ஒப்பந்தம் செய்த 80 எஃப்-14 வானூர்திகளில் 79 அந்நாட்டைச் சென்றடைந்தன. 1979ஆம் ஆண்டில் புரட்சி வெடித்தது; ஷாவின் ஆட்சி வீழ்ந்தது; அமெரிக்காவைப் பகையாகக் கருதிய புதிய அரசின் கைக்கு அவ்வானூர்திகள் சென்றன. அமெரிக்கக் கடற்படை 2006ஆம் ஆண்டில் அவ்வகை வானூர்திகளுக்கு ஓய்வளித்தது. தான் விற்ற வானூர்திகள் ஈரானில் மேலும் பறக்கத் தன் உதிரிப்பாகங்களே உதவிவிடக் கூடாது என்று அஞ்சி, அவற்றின் விற்பனையைத் தடுக்க 2008ஆம் ஆண்டில் காங்கிரஸ் சட்டமியற்ற வேண்டியிருந்தது. ஓர் ஆட்சியின் நட்பை நம்பிச் செய்த விற்பனை, அவ்வாட்சி மறைந்து ஏறத்தாழ முப்பது ஆண்டுகளாகியும் கவலையாகத் தொடர்ந்தது.

அதே ஈரானுக்கு ஏழு அவாக்ஸ் வானூர்திகளை விற்கக் குடியரசுத்தலைவர் ஜிம்மி கார்ட்டர் 1977ஆம் ஆண்டில் முயன்றார். பிரதிநிதிகள் அவையின் குழு எதிர்த்ததால், ஜூலையில் அறிவிப்பைத் திரும்பப் பெற்றுக் கூடுதல் பாதுகாப்பு உறுதிமொழிகளுடன் மீண்டும் அனுப்பினார். காங்கிரஸ் அதனைத் தடுக்கவில்லை. ஆயினும், அவ்வானூர்திகள் ஈரானை அடையும் முன்பே புரட்சி வந்துவிட்டது. அன்று குழுவினர் எழுப்பிய ஐயம் வீணானதன்று என்பதைக் காலம் உணர்த்தியது.

நட்பு முறியாத நிலையிலும் சிக்கல் எழுவதுண்டு. துருக்கி நேட்டோ கூட்டமைப்பின் உறுப்பு நாடு. 1974ஆம் ஆண்டில் அது சைப்ரஸ் தீவில் படை இறக்கியபோது அமெரிக்கப் படைக்கலன்களைப் பயன்படுத்தியது. தற்காப்புக்கென வழங்கியவை அதற்கு மாறாகப் பயன்பட்டன எனக் கூறிய காங்கிரஸ், 1975ஆம் ஆண்டு பிப்ரவரி 5 முதல் துருக்கிக்குப் படைக்கலன் வழங்கத் தடைவிதித்தது. துருக்கி தன் மண்ணிலிருந்த அமெரிக்கத் தளங்களின் செயற்பாட்டை நிறுத்தியது. 1978ஆம் ஆண்டில் தடை நீக்கப்பட்டது. சைப்ரஸ் சிக்கலோ தீரவில்லை. விற்றபின் விதிக்கும் தடை இரு நாடுகளின் உறவையும் புண்படுத்துகிறது. சென்ற கருவியையும் மீட்டுத் தருவதில்லை. விற்கும்முன் எழும் வினாவே சிறந்தது என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

ஏமனும் அவசரநிலையும்

2015ஆம் ஆண்டில் சவூதி அரேபியாவின் தலைமையிலான கூட்டணி ஏமன் நாட்டுப் போரில் இறங்கியது. 2018ஆம் ஆண்டு ஆகஸ்டு 9 அன்று ஏமனின் சாதா மாகாணத்திலுள்ள தஹ்யான் என்னும் ஊரில் குழந்தைகளை ஏற்றிச்சென்ற பேருந்தின்மீது கூட்டணியின் வானூர்தி குண்டுவீசியது. மாண்டவர் 51 பேர். அவர்களுள் 40 பேர் குழந்தைகள் என்று செஞ்சிலுவைச் சங்கம் அறிவித்தது. அக்குண்டு அமெரிக்காவில் உருவானது என்று சிதறல்களை ஆராய்ந்த வல்லுநர்கள் கூறினர். தாக்குதலில் தவறு நேர்ந்ததைக் கூட்டணியும் பின்னர் ஒப்புக்கொண்டது. தொலைவில் நடக்கும் போரில் தம் நாட்டுக்குள்ள பங்கு எத்தகையது என்னும் வினா அமெரிக்க மக்களின் மனச்சான்றைத் தொட்டது.

காங்கிரசில் எதிர்ப்பு வளர்ந்திருந்த சூழலில், 2019ஆம் ஆண்டு மே மாதம் குடியரசுத்தலைவர் டொனால்டு டிரம்பின் அரசு, ஈரானால் நேரும் அச்சுறுத்தலைக் காரணம் காட்டி அவசரநிலையை அறிவித்தது. அவசரநிலையில் ஆய்வுக்காலத்தைத் தவிர்க்கலாம் என்று சட்டத்திலேயே ஒரு விதி உண்டு. அவ்விதியின்படி, சவூதி அரேபியா, ஐக்கிய அரபு அமீரகம், ஜோர்டான் ஆகியவை தொடர்பான 22 விற்பனைகள் ஆய்வுக்காலமின்றி முன்னெடுக்கப்பட்டன. அவற்றின் மதிப்பு ஏறத்தாழ 810 கோடி டாலர்.

இரண்டு அவைகளும் மூன்று மறுப்புத் தீர்மானங்களை நிறைவேற்றின. ஜூலை 24 அன்று குடியரசுத்தலைவர் மூன்றையும் மறுப்பாணையால் தடுத்தார். அதனை மீறுவதற்கான வாக்கெடுப்பு செனட்டில் மூன்றில் இரண்டு பங்கை எட்டவில்லை. அடுத்த ஆண்டு வெளியுறவுத் துறையின் தலைமை ஆய்வாளர் அளித்த அறிக்கை, அவசரநிலை அறிவிப்பு சட்டத்தின் நடைமுறைக்கு உட்பட்டதே என்று கூறியது. பொதுமக்கள் உயிரிழக்கும் இடர்ப்பாடு முழுமையாக மதிப்பிடப்படவில்லை என்றும் சுட்டிக்காட்டியது. நடைமுறை பிழையின்றி இருந்தும், கேட்கவேண்டிய வினா முழுமையாகக் கேட்கப்படவில்லை என்பதே இதன் பொருள்.

மேற்பார்வையின் பயன்

இதுவரை எந்தவொரு படைக்கல விற்பனையும் மறுப்புக் கூட்டுத் தீர்மானத்தால் இறுதியாக நிறுத்தப்பட்டதில்லை. இதனால் சட்டம் பயனற்றது என்று சிலர் முடிவுகட்டுவர். வேறு சிலரோ மேற்பார்வை அளவுக்கு மிஞ்சியது என்பர். நாள்களைக் கணக்கிட்டுக் காத்திருக்கும் நட்புநாடு வேறு விற்பனையாளரை நாடும். வெளிப்படையான விவாதம் நட்புநாட்டின் மதிப்பைக் குறைக்கும். வெளியுறவில் ஒரு நாடு ஒரே குரலில் பேசவேண்டும் என்பன அவர்தம் வாதங்கள். ஆபத்தில் இருக்கும் நட்புநாட்டுக்குக் காலத்தாழ்வு பேரிழப்பாகலாம் என்பதில் உண்மை உண்டு. அவசரநிலை விதி சட்டத்தில் இடம்பெற்றதற்கு அதுவே காரணம்.

ஆயினும், நிறுத்திய விற்பனைகளை மட்டும் எண்ணி மேற்பார்வையை மதிப்பிட இயலாது. ஜோர்டானில் நிலைநிறுத்தப்பட்ட ஏவுகணைகள், சவூதிப் பட்டியலிலிருந்து நீங்கிய ஸ்டிங்கர்கள், அவாக்ஸ் வானூர்திக்குப் பெற்ற உறுதிமொழிகள் ஆகியவற்றையும் கணக்கில் கொள்ளவேண்டும். எதிர்ப்பு எழும் என்று கருதி அரசு அனுப்பாமலே விட்ட அறிவிப்புகள் ஏட்டில் ஏறுவதில்லை. தேர்வு உண்டு என்று அறிந்த மாணவர் முன்னரே படிப்பதுபோல, வினா உண்டு என்று அறிந்த அரசு முன்னரே சிந்திக்கிறது.

பிற நாடுகளும் இந்தியாவும்

பிற மக்களாட்சி நாடுகள் வெவ்வேறு வழிகளைக் கண்டுள்ளன. சுவீடனில் நாடாளுமன்றக் கட்சிகளின் பேராளர்களைக் கொண்ட ஏற்றுமதிக் கட்டுப்பாட்டு மன்றம் விற்பனைக்கு முன்பே கலந்தாய்வு செய்கிறது. அதன் ஆய்வுரை வெளியிடப்படுவதில்லை. நெதர்லாந்து அரசு 20 இலட்சம் யூரோவுக்கு மேற்பட்ட உரிமங்கள் பலவற்றைப் பற்றி, வழங்கிய இரண்டு வாரங்களுக்குள் நாடாளுமன்றத்துக்குத் தெரிவிக்கிறது. பிரிட்டனில் அரசு அளிக்கும் அறிக்கைகளை நாடாளுமன்றக் குழுக்கள் பின்னர் ஆராய்கின்றன. உலக அளவில், 2013ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகளின் பொது அவை ஏற்ற படைக்கல வணிக உடன்படிக்கை 2014ஆம் ஆண்டு டிசம்பர் 24 அன்று நடைமுறைக்கு வந்தது.

நெடுங்காலம் வாங்கும் நாடாக விளங்கிய இந்தியா இப்போது விற்கும் நாடாகவும் வளர்ந்துவருகிறது. 2022ஆம் ஆண்டில் பிலிப்பைன்சு நாடு பிரமோஸ் ஏவுகணைகளை வாங்க ஒப்பந்தம் செய்தது. 2024ஆம் ஆண்டில் முதல் தொகுதி அந்நாட்டை அடைந்தது. 2023–24ஆம் நிதியாண்டில் இந்தியாவின் பாதுகாப்புத் துறை ஏற்றுமதி ரூ.21,083 கோடி. இங்கு ஏற்றுமதி உரிமம் வழங்கும் பொறுப்பு அரசுத் துறைகளிடம் உள்ளது. பாதுகாப்புத் துறையின் நிதிக்கோரிக்கைகளை நாடாளுமன்ற நிலைக்குழு ஆராய்கிறது. ஏற்றுமதி பெருகப் பெருக, யாருக்கு, எதற்காக, எந்நிபந்தனையில் விற்கிறோம் என்னும் வினாக்களும் நம் நாட்டில் பெருகும்.

தெரிந்து தெளிவோம்

அரக்கோணமும் அமெரிக்கச் சட்டமும்

இராணிப்பேட்டை மாவட்டம் அரக்கோணத்தில் உள்ள ஐஎன்எஸ் ராஜாளி இந்தியக் கடற்படையின் வானூர்தித் தளமாகும். குத்தகைக்குப் பெற்ற அமெரிக்க ஆளில்லா வானூர்திகள் 2020ஆம் ஆண்டு முதல் இத்தளத்திலிருந்து இயங்கி இந்தியப் பெருங்கடலைக் கண்காணித்தன. இவ்வகையைச் சேர்ந்த 31 வானூர்திகளை இந்தியாவுக்கு விற்கும் அறிவிப்பு 2024ஆம் ஆண்டு பிப்ரவரி 1 அன்று அமெரிக்கக் காங்கிரசுக்கு அனுப்பப்பட்டது. மதிப்பீடு 399 கோடி டாலர். ஆய்வுக்காலம் கடந்தபின் அவ்வாண்டு அக்டோபரில் ஒப்பந்தம் கையொப்பமானது.

நிறைவாக

படைக்கலன் ஒரு நாட்டின் எல்லையைக் காக்கவும் வல்லது. மற்றொரு நாட்டின் குழந்தையைக் கொல்லவும் வல்லது. அதனை விற்கும் கை எவ்வளவு நல்லெண்ணம் உடையதாயினும், ஒரு முறை நின்று காரணம் கூறுவது நன்று. காரணம் கேட்கும் உரிமை அவையினுடையது. அவ்வவைக்கு உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை மக்களுடையது. வாக்காளராகும் வயதை நெருங்கும் இளைஞர்கள், தம் பேராளர்கள் எவ்வினாக்களை எழுப்புகின்றனர், எவ்வினாக்களை எழுப்பாமல் விடுகின்றனர் என்று கவனிக்கத் தொடங்கும்போது மக்களாட்சி வலுப்பெறுகிறது.

கலைச்சொல் அறிவோம்

மறுப்பாணை – அவைகள் நிறைவேற்றியதைக் குடியரசுத்தலைவர் ஏற்க மறுக்கும் ஆணை, வீட்டோ.
கூட்டுத் தீர்மானம் – இரண்டு அவைகளிலும் நிறைவேறிக் குடியரசுத்தலைவரின் ஒப்புதலுக்குச் செல்லும் தீர்மானம்.
ஆய்வுக்காலம் – விற்பனை அறிவிப்பை அவை ஆராய்வதற்குச் சட்டம் வழங்கும் நாள்கள்.
மரபுவழிப் படைக்கலன் – அணு, வேதி, உயிரியல் படைக்கலன் அல்லாதவை.

கற்பவை கற்றபின்

1. 'நட்புநாட்டுக்குப் படைக்கலன் விற்கும்முன் நாடாளுமன்றத்துக்கு அறிவிக்கவேண்டும்' என்னும் பொருளில் இரு அணிகளாகப் பிரிந்து வகுப்பறையில் சொற்போர் நிகழ்த்துக.
2. நாளிதழ்களில் வெளிவந்த இந்தியப் பாதுகாப்புத் துறை ஏற்றுமதி பற்றிய செய்திகளைத் தொகுத்து, வாங்கும் நாடுகளை உலகப் படத்தில் குறிக்க.
3. உங்கள் வகுப்பை ஒரு நாடாளுமன்றக் குழுவாகக் கொண்டு, ஒரு விற்பனை அறிவிப்பின்மீது எழுப்பத்தக்க ஐந்து வினாக்களை எழுதுக.

நம்மை அளவிடுவோம்

பலவுள் தெரிக

1. நெல்சன்–பிங்காம் திருத்தம் காங்கிரசுக்கு வழங்கிய ஆய்வுக்காலம்
அ) 15 நாள்கள் ஆ) 20 நாள்கள் இ) 30 நாள்கள் ஈ) 60 நாள்கள்

2. கூற்று 1: படைக்கல உதவி குறைந்து விற்பனை பெருகியபோது காங்கிரசின் மேற்பார்வை தளர்ந்தது.
கூற்று 2: விற்பனைக்கு அரசு காங்கிரசிடம் நிதிகேட்க வேண்டியதில்லை.
அ) கூற்று 1 மட்டும் சரி ஆ) கூற்று 2 மட்டும் சரி இ) இரண்டும் சரி, கூற்று 2 கூற்று 1க்குக் காரணம் ஈ) இரண்டும் தவறு

3. பொருத்துக.
க) ஜோர்டான் – 1) எஃப்-14 வானூர்திகள்
ங) ஈரான் – 2) மூன்றாண்டுத் தடை
ச) துருக்கி – 3) ஹாக் ஏவுகணைகள்
அ) 3, 1, 2 ஆ) 1, 2, 3 இ) 2, 3, 1 ஈ) 3, 2, 1

குறுவினா

1. படைக்கல விற்பனையில் இறுதிச்சொல் யாருடையது என்பது அமெரிக்க அரசமைப்பில் தெளிவாக அமையாதது ஏன்?
2. ஜோர்டானுக்கு விற்ற ஏவுகணைகளுக்கு விதிக்கப்பட்ட நிபந்தனை யாது?
3. ஸ்டிங்கர் ஏவுகணைகள் விற்பனைப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது ஏன்?

சிறுவினா

1. 1983ஆம் ஆண்டின் உச்சநீதிமன்றத் தீர்ப்பு மேற்பார்வை முறையை எவ்வாறு மாற்றியது?
2. 'நட்பு மாறும், கருவி மாறாது' – ஈரானின் வரலாற்றைக்கொண்டு நிறுவுக.
3. மேற்பார்வைக்கு எதிராக எழுப்பப்படும் வாதங்களையும் அவற்றுக்கான மறுமொழியையும் தொகுத்தெழுதுக.

நெடுவினா

விற்பனையை நிறுத்த இயலாத மேற்பார்வையாலும் பயனுண்டு என்பதைப் பாடப்பகுதியின் சான்றுகளுடன் விளக்குக.